ஓய்வும் பயிற்சியின் பாதியே

பளு தூக்குவோர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை கிலோ தூக்கினாய், எத்தனை தடவை தூக்கினாய், என்ன புரதத் தூள் குடிக்கிறாய் என்ற மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். கடைசியாகத் தூக்கிய பின்னர் எத்தனை நாள் ஓய்ந்திருந்தாய் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. ஓய்வு என்பது சோம்பேறிகளின் சமாதானம் என்றே அங்கு கருதப்படுகின்றது. இந்தக் கருத்து தவறானது மாத்திரமல்ல, பலரைப் பயிற்சியை விட்டே துரத்துகின்ற ஒன்று என்பதாலேயே இதனை எழுத வேண்டியிருக்கின்றது.

எம்மவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலர், இரத்தப் பரிசோதனை அறிக்கையொன்றைக் கையில் வாங்கிய பின்னரே உடற்பயிற்சி நிலையமொன்றின் வாசற்படியை மிதிக்கின்றனர். கொழும்பானாலும் ரொறன்ரோவானாலும் கதை ஒன்றுதான். ஒரு வருடக் கட்டணத்தை முற்பணமாகச் செலுத்துவார்கள். முதல் மாதம் வாரத்தில் ஆறு நாட்கள் போவார்கள். இரண்டாம் மாதம் தோளில் வலி, முழங்காலில் வலி. மூன்றாம் மாதத்தில் கட்டணம் மாத்திரம் போய்க்கொண்டிருக்கும், ஆள் போகமாட்டார். 'எனக்கு இது சரிவராது' என்ற முடிவுக்கு அவர் வந்திருப்பார். சரிவராமற்போனது பளு அல்ல. ஒரு பளுவுக்கும் அடுத்த பளுவுக்கும் இடையில் அவர் விடாத இடைவெளியே.

தெற்காசிய வம்சாவளியினருக்கு உடற்பருமன் அதிகமில்லாத நிலையிலேயே நீரிழிவு வருகின்றது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் மிகப்பெரிய களஞ்சியம் தசை. ஆகவே எம்மவர்கள் பளுப் பயிற்சி செய்வது அழகுக்கான விடயம் மாத்திரமன்று. தொடங்குவது பெரிதல்ல, பத்து வருடங்களுக்குத் தொடர்வதே பெரிது. தொடர்வதற்கு ஓய்வைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும்.

பளு தூக்கும்போது தசை வளர்கின்றது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், தூக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தசை பெற்றுக்கொள்வதை விட இழப்பதே அதிகம். கிளைக்கோஜன் வடிவில் சேமித்து வைத்திருந்த மாச்சத்து செலவாகின்றது. நுண்ணிய இழைகள் சிதைவடைகின்றன. அவற்றை இயக்கும் நரம்புத் தொகுதியும் களைப்படைகின்றது. பயிற்சி என்பது 'இந்தப் பாரத்தைச் சுமக்க உன் பலம் போதாது' என்று உடலுக்கு நாம் அனுப்பும் செய்தி. அந்தச் செய்தியைப் பெற்று உடல் செய்கின்ற கட்டட வேலை, நாம் சாப்பிட்டு உறங்கும் நேரத்திலேயே நடைபெறுகின்றது.

இந்த வேலை எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கின்றனர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டங்கன் மக்டூகலும் அவரது சகாக்களும் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான கைப்பயிற்சிக்குப் பின்னர் தசையில் புரதம் உருவாகும் வேகம் 4 மணித்தியாலத்தில் 50 சதவீதத்தாலும் 24 மணித்தியாலத்தில் 109 சதவீதத்தாலும் கூடியிருந்தது. 36 ஆவது மணித்தியாலத்தில் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1997 இல், ஸ்டுவர்ட் பிலிப்ஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இந்த உயர்வு 3 மணித்தியாலத்தில் 112 சதவீதமாகவும் 24 மணித்தியாலத்தில் 65 சதவீதமாகவும் 48 மணித்தியாலத்தில் 34 சதவீதமாகவும் காணப்பட்டது. அதாவது, இரண்டு நாட்கள் கடந்த பின்னரும் வேலை முற்றாக முடிந்திருக்கவில்லை. பொதுவாக, புதியவர்களின் உடலில் இந்த வேலை நீண்ட நேரம் நடைபெறுகின்றது. பல ஆண்டுகள் பழகியவர்களிடம் விரைவில் அடங்கிவிடுகின்றது.

ஒரே தசைக்கு மீண்டும் கடும் வேலை கொடுக்கும் முன்னர் 48 முதல் 72 மணித்தியாலங்கள் இடைவெளி விடுமாறு பயிற்றுநர்கள் கூறுவது இதனாற்றான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009 இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் புதியவர்களுக்கு வாரத்தில் 2 முதல் 3 நாட்களையே பரிந்துரைத்தது. ஓரளவு பழகியவர்களுக்கு 3 முதல் 4 நாட்கள், நன்கு தேர்ந்தவர்களுக்கு 4 முதல் 5 நாட்கள் என்பது அதன் கணிப்பு. தேர்ந்தவர்கள் கூடுதலான நாட்கள் போவதைப் பார்த்துப் புதியவர்கள் மயங்கிவிடுகின்றனர். அவர்கள் ஒரு நாள் மார்புக்கும் தோளுக்கும், மறுநாள் காலுக்கும் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். நிலையத்துக்கு ஐந்து நாட்கள் போனாலும் ஒரு குறிப்பிட்ட தசைக்கு இரண்டு தடவைகளே வேலை கிடைக்கின்றது.

ஓய்வே தேவையில்லை என்று நிரூபிக்க முயன்ற ஒரு நாடும் இருந்தது. அந்த நாட்டின் வரலாறு பளு தூக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

பல்கேரியா மிகச் சிறிய நாடு. அதன் பளுதூக்கல் அணியை 1960 களின் இறுதியில் பொறுப்பேற்ற இவான் அபாஜியேவ், சோவியத் ஒன்றியத்தையே தோற்கடிப்பதென்று தீர்மானித்தார். அவரது முறையில் ஓய்வு நாள் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. ஒரு நாளில் பல தடவைகள் பயிற்சி. பயிற்சியிலேயே தம்மால் இயன்ற உச்சப் பாரத்தை நாள்தோறும் தூக்க வேண்டும். இடையில் சிறு இளைப்பாறல், மீண்டும் பாரம். இதன் பெறுபேறு உலகை வியக்கவைத்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பல்கேரியப் பளுதூக்குநர்கள் மூன்று தங்கப் பதக்கங்களையும் மூன்று வெள்ளிப் பதக்கங்களையும் வென்றனர். பல்கேரியாவில் பிறந்து இந்த முறையில் உருவான நயிம் சுலெய்மனோக்லு, 1986 இல் மெல்பேர்ணில் வைத்துத் தமது நாட்டைக் கைவிட்டுத் துருக்கிக்குச் சென்றவர். ஐந்தடியையும் எட்டாத அவர் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றார். 60 கிலோ பிரிவில் போட்டியிட்டு 190 கிலோவைத் தலைக்குமேல் தூக்கிய 1988 சியோல் சாதனையை எவரும் மறக்கமாட்டார்கள்.

எனினும் அதே சியோல் நகரில் இன்னொன்றும் நடந்தது. மித்கோ கிராப்லேவ், ஏஞ்சல் கென்ச்சேவ் ஆகிய இரு பல்கேரிய வீரர்கள் தாம் வென்ற தங்கப் பதக்கங்களை இழந்தனர். அவர்களது சிறுநீரில் பூரோசமைட் என்ற மருந்து காணப்பட்டது. சிறுநீரைப் பெருக்கி உடல் எடையைக் குறைக்கவும், ஏனைய மருந்துகளின் தடயத்தை மறைக்கவும் பயன்படுவது அது. அணி முழுவதுமாகப் போட்டியிலிருந்து விலகிச் சென்றது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மேலும் மூன்று பல்கேரியர்கள் அதே மருந்துக்காகப் பதக்கங்களை இழந்தனர். 2008 இல் 11 பேர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டதால் பல்கேரியா தனது அணியை பெய்ஜிங் போட்டிக்கு அனுப்பவில்லை. 2015 இல் மீண்டும் 11 பேர் அகப்பட்டதைத் தொடர்ந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றும் வாய்ப்பையே அந்த நாடு இழந்தது.

அந்த அணியின் எல்லா வீரர்கள் மீதும் குற்றம் சுமத்துவது எனது நோக்கமன்று. மற்றைய நாடுகள் தூய்மையானவை என்று சொல்லவும் வரவில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. ஸ்டீரொயிட் மருந்துகள் புரதம் உருவாகும் வேகத்தைக் கூட்டுகின்றன, உடல் மீண்டு எழும் நேரத்தைக் குறைக்கின்றன. அதாவது, இயற்கை கேட்கும் ஓய்வுக்குப் பதிலாக விலைக்கு வாங்கப்படும் ஓய்வே ஊக்கமருந்து. பின்னர் அதற்கு இதயமும் ஈரலும் வட்டி செலுத்துகின்றன. 1970 களில் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெக்கர் வாரத்தில் ஆறு நாட்கள், நாளுக்கு இரு தடவைகள் பயிற்சி செய்தார் என்று படித்துவிட்டு அதனைப் பின்பற்ற முற்படும் இளைஞர்கள் இன்றும் உள்ளனர். அக்காலத்தில் தாம் ஸ்டீரொயிட் பயன்படுத்தியதாக அவரே பகிரங்கமாகக் கூறியிருக்கிறார் என்பதையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். முழுநேர விளையாட்டு வீரனின் உணவு, உறக்கம், மருத்துவக் கண்காணிப்பு எதுவுமின்றி அவனது அட்டவணையை மாத்திரம் கடன் வாங்குவது விவேகமன்று.

பலத்தை வளர்ப்பதற்கு வேறு பாதைகளும் இருந்தன. 1956 மெல்பேர்ண், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற சோவியத் வீரர் ஆர்க்காடி வொரோபியேவ் ஒரு மருத்துவருமாவார். பின்னர் பயிற்றுநரான அவர், பாரம் எப்போதும் ஒரே உச்சத்தில் இருக்கலாகாது, அலைபோல ஏறி இறங்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அமெரிக்கப் பயிற்றுநர் பில் ஸ்டார் 1976 இல் எழுதிய நூல், வாரத்தில் மூன்று நாட்கள் மாத்திரம் பயிற்சி, அவற்றில் ஒன்று கடுமையாகவும் ஒன்று இலகுவாகவும் ஒன்று நடுத்தரமாகவும் இருக்கட்டும் என்ற முறையைப் பரப்பியது. இலகுவான நாளும் ஒருவகை ஓய்வே. உழைத்துப் பிழைக்கும் சாதாரண மனிதனுக்குப் பொருந்துவது இந்த வழிதான் என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

அப்படியானால் ஓய்வைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்று கேட்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறும் ஆலோசனை இதனைத் தெளிவாக்குகின்றது. வாரத்தில் 2 முதல் 3 தடவைகள், அடுத்தடுத்து வராத நாட்களில், பளுப் பயிற்சி செய்ய வேண்டும். அதேவேளை உடலுக்கு எந்த அசைவும் கொடுக்காத நாட்கள் தொடர்ச்சியாக இரண்டைத் தாண்டக்கூடாது. பயிற்சியினால் இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் ஓரிரு நாட்களில் தேய்ந்துவிடுவதே காரணம். எனவே ஓய்வு நாள் என்றால் தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்ந்திருக்கும் நாள் என்று பொருளல்ல. பாரத்துக்கு ஓய்வு, காலுக்கு நடை. ஓய்வு நாளில் அரை மணித்தியாலம் நடப்பது மீட்சிக்குத் தடையல்ல, துணையே.

நீண்ட ஓய்வைப் பற்றிய அச்சமும் தேவையற்றது. ஊருக்குப் போய் மூன்று வாரம் நின்றுவிட்டால் வளர்த்ததெல்லாம் போய்விடும் என்று கவலைப்படுவோர் இருக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் ஒகசவாராவும் சகாக்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் 24 வாரங்கள் இடைவிடாது பயின்றனர். மற்றைய குழுவினர் 6 வாரம் பயிற்சி, 3 வாரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்தனர். ஈற்றில் இரு குழுக்களும் பெற்ற வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இளைஞர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுதான். எனினும் மூன்று வாரங்களில் உலகம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

ஆபத்து ஓய்வில் இல்லை, ஓய்வு முடிந்து திரும்பும் முதல் நாளில் இருக்கின்றது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து அமெரிக்கக் காற்பந்து அணியினர், சில வார விடுமுறையை முடித்துக்கொண்டு பயிற்சிக்குத் திரும்பினர். பாரத்தைத் தோளில் வைத்து நூறு தடவைகள் குந்தி எழும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சில தினங்களுக்குள் 13 வீரர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. மருத்துவர்கள் அதனை ராப்டோமயோலிசிஸ் என்பர். கட்டுமஸ்தான இளம் வீரர்களுக்கே இது நேருமானால், மூன்று மாதம் கழித்து நிலையத்துக்குத் திரும்பும் ஐம்பது வயதுக்காரர், விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன் என்று அடம்பிடிப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்னர் தூக்கியதில் பாதியுடன் தொடங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பயிற்சிக்குப் பின்னர் சிறுநீர் கடும் தேநீரின் நிறத்தில் போனால், தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது உறக்கத்தைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. பத்திரிகை ஆசிரிய பீடங்களில் பல தசாப்தங்களை இரவுப் பணியில் கழித்தவன் என்ற முறையில், உறக்கமின்மையைத் தொழிற்பெருமையாகப் பேசிக்கொள்ளும் வழக்கத்தை நான் நன்கறிவேன். அவுஸ்திரேலியாவில் மேற்கொள்ளப்பட்டு 2021 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரேயொரு இரவு முழுமையாக விழித்திருந்தவர்களின் தசையில் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதத்தால் குறைந்தது. புலம்பெயர்ந்த நாடுகளில் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடும் எம்மவர்கள் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும். நான்கு மணித்தியாலம் மாத்திரம் உறங்கியவர் அதிகாலையில் எழுந்து பாரம் தூக்கப் போவதைவிட, அந்த ஒரு மணித்தியாலத்தையும் உறங்கிக் கழிப்பது அன்றைய நாளுக்கு மேலான பயிற்சி.

நடைமுறையில் என்ன செய்வது? புதிதாகத் தொடங்குபவர், உடல் முழுவதற்குமான பயிற்சியைத் திங்களும் வியாழனும் செய்யட்டும். மூன்று மாதம் கழித்து, விரும்பினால், திங்கள், புதன், வெள்ளி என்று மாற்றிக்கொள்ளலாம். அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு நாட்களுடன் நின்றுவிட்டாலும் குறையேதுமில்லை. வளர்ந்தோர் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் செய்ய வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். இரண்டு நாள் என்பது தோல்வியல்ல, தேவையை நிறைவுசெய்யும் அளவே. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்னர் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

நாட்காட்டியை விட நம்பகமான சாட்சி ஒரு சிறு குறிப்புப் புத்தகம். எந்தப் பாரத்தை எத்தனை தடவை தூக்கினீர்கள் என்பதை எழுதி வாருங்கள். சென்ற முறை செய்ததை இம்முறையும் செய்ய முடிந்தால், அல்லது சற்றுக் கூடச் செய்ய முடிந்தால், எடுத்த ஓய்வு போதுமானது. இரண்டு முறை தொடர்ச்சியாகக் குறைந்தால், இன்னுமொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை நோவை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். நோவு ஓரிரு நாட்களில் உச்சமடைந்து தணியும். பழகப்பழக நோவே வராமற்போகலாம். அதனால் பயன் இல்லாமற்போகாது. ஆனால் மூட்டிலோ, தசையை எலும்புடன் பிணைக்கும் நாணிலோ வரும் வலி வேறு வகையானது. நாண்கள் தசையை விடத் தாமதமாகவே பலமடைகின்றன. தசை தயார் என்று சொல்லும்போதும் நாண் தயாராக இல்லாமலிருக்கலாம். முதலாண்டில் பாரத்தை ஏற்றுவதில் காட்டும் பொறுமைக்கு இதுவே காரணமாக அமைய வேண்டும்.

ஓய்வைப் பற்றி எழுதும்போது, அதனைத் தெரிவுசெய்யும் உரிமையே இல்லாதவர்களும் நினைவுக்கு வருகின்றனர். கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்களை நாட்டாமை என்று அழைப்பது வழக்கம். ஒரு நாளில் அவர்களது முதுகு காணும் பாரத்தை எந்தப் பயிற்சி நிலையத்திலும் எவரும் தூக்குவதில்லை. பாரம் மாத்திரமே உடலை வளர்க்குமென்றால் அவர்களே உலகின் மிகச் சிறந்த உடலமைப்பைக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். ஆனால் அவர்களது உடல் வளர்வதில்லை, தேய்கின்றது. நாளைய சோறு இன்றைய மூட்டையில் இருப்பதால், நோகின்ற முதுகுக்கு அவர்களால் இரண்டு நாள் விடுப்புக் கொடுக்க முடியாது. வாராந்த ஓய்வு நாளுக்கான சர்வதேச உடன்படிக்கையைத் தொழிலாளர்கள் பெற்றது 1921 இல். ஒருவர் சுமக்கும் மூட்டை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று சர்வதேச தொழில் அமைப்பு பரிந்துரைத்தது 1967 இல். உழைப்பவனுக்கு ஓய்வு தேவை என்பதை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

அந்த ஓய்வு கைக்கெட்டிய தூரத்தில் இருப்பவர்கள் அதனை அவமானமாகக் கருதித் தள்ளிவிடுவது விசித்திரமானது. இன்று பாரம் தூக்கியிருந்தால், நாளை நடந்துவிட்டு வந்து நேரத்துடன் படுத்துக்கொள்ளுங்கள். நாளை மறுதினம் அந்தப் பாரம் அங்கேயேதான் இருக்கும். அதனைத் தூக்கப் போகும் நீங்கள் சற்றுப் பலம் கூடியவராக இருப்பீர்கள்.